கலர் ஊசிக்குப் பயந்து கிடக்கும் அண்ணாச்சிமாருக்கு

ஸ்ரீவைகுண்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அறுபதைத் தாண்டிவிட்ட அண்ணாச்சிமாருக்கும், அவர்களை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்துக் கிடக்கும் பிள்ளைகளுக்கும், உங்களில் ஒருவன் எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க நினைத்தேன். ராத்திரி நாலு தடவை எழுந்து போகிற ஆட்களுக்கு அப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. அணைக்கட்டுப் பக்கம் காலையில் நடக்கும்போது வாழைத்தார் விலையில் ஆரம்பித்துப் பேரன் படிப்பு வரைக்கும் பேசுகிறோம். மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போவதை மட்டும் ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று நமக்குத் தெரியும். "ஸ்கேன் எடுத்தீயளா?"

நான் எடுக்காமல் இருந்தேன். ஏறக்குறைய நாலு மாதம். அந்த நாலு மாதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

புராஸ்டேட்டுக்காகப் பார்க்கிற ரத்தப் பரிசோதனையில் என் பி.எஸ்.ஏ. 11-க்கு மேல் வந்தது. பி.எஸ்.ஏ. கூடினால் புற்றுநோய்தான் என்று இல்லை. புராஸ்டேட் சுரப்பி வயசுக்கு ஏற்ப வீங்கினாலும் கூடும், மூத்திரத்தில் கிருமி இருந்தாலும் கூடும். யூராலஜி டாக்டர் கையுறை போட்டு விரல் விட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் கெட்டியாக இருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டுப் பிறகு சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்போம் என்றார். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன் என்றும் சொன்னார். தலையை ஆட்டிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். செய்துங்கநல்லூர் தாண்டுவதற்குள் முடிவு பண்ணிவிட்டேன், நான் எடுக்கப் போவதில்லை என்று.

காரணம் பழையது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கிட்னியில் கல் என்று ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பில் மருந்து ஏறின ஐந்தாறு நிமிஷத்தில் தும்மல் தொடங்கியது. நெஞ்சிலும் முதுகிலும் பத்துப் பைசா அகலத்துக்குத் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. ஒரு கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. இரண்டு ஊசி போட்டார்கள், சாயங்காலம் வரைக்கும் படுக்கவைத்தார்கள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பதினோரு வருஷமாக நான் சொல்லிச் சொல்லி அது வளர்ந்துவிட்டது. கடைசியில், "எமன் வாசல் வரைக்கும் போய்ட்டு வந்தேன் வே" என்கிற அளவுக்கு.

அன்றைக்கு என்ன மருந்து ஏற்றினார்கள், என்ன ஆனது, எதைக் கொடுத்துச் சரிசெய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதித்தான் கொடுத்தார்கள். பத்திரமாக இரும்புப் பெட்டியில் வைத்திருந்தேன், பென்ஷன் தாள்களோடு. 2023 டிசம்பர் 17-ஆம் தேதி ராத்திரி உங்களுக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் நம்ம ஸ்டேஷனில் வந்து நின்றதோடு சரி, ஏறக்குறைய 800 பேரோடு. நாடே ஸ்ரீவைகுண்டம் என்கிற பெயரைப் படித்தது அந்த ரெண்டு நாள்தான். வெள்ளம் வடிந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே தோசை மாவு மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. பென்ஷன் தாளுக்கு நகல் கிடைத்தது. ஸ்கேன் சீட்டுக்கு யாரிடம் கேட்பது? எடுத்த இடத்திலும் பழைய பதிவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே என் கையில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். அலர்ஜி.

இந்தச் சொல்லின் மேல்தான் எனக்கு இப்போது கோபம். நாலு மாதம் கழித்து மகள் சென்னையிலிருந்து வந்து பைலைப் புரட்டி, ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டு, மறுநாள் அதே டாக்டரிடம் கூட்டிப் போனாள். "எனக்கு கான்ட்ராஸ்ட் அலர்ஜி சார்" என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேனாவை எடுத்தார், கேட்கத் தொடங்கினார். எந்த வருஷம்? சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? மருந்தின் பெயர்? ஏறின எத்தனையாவது நிமிஷம்? தடிப்பு மட்டுமா, மூச்சு இழுத்ததா? தொண்டை அடைத்ததா? பிரஷர் இறங்கியதா, மயக்கம் வந்ததா? ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா? அட்ரினலின் போட்டார்களா? பாதிக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது. எமன் வாசல் கதையைச் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு அவர் சொன்னது: "நீங்க பயப்படுகிற மருந்து வேற. நான் ஏத்தச் சொன்ன மருந்து வேற."

நாலு மாதம் வீணாகப் போயிருந்தது இந்த ஒரு வரி தெரியாமல்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் எல்லாவற்றையும் கலர் ஊசி, சாய மருந்து என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். சாயமும் இல்லை, கலரும் இல்லை. பார்த்தால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். சி.டி. ஸ்கேனில் ஏற்றுவது அயோடின் அடங்கிய மருந்து, ஆஞ்சியோவுக்கும் அதுதான். ஐம்பது, நூறு மில்லி என்று நிறையவே ஏறும். எம்.ஆர்.ஐ.யில் ஏற்றுவது காடோலினியம் என்கிற உலோகத்தை இன்னொரு மூலக்கூறுக்குள் பொதிந்து செய்த மருந்து. ஏழிலிருந்து பதினைந்து மில்லிக்குள் முடிந்துவிடும். ரெண்டும் வேறு வேறு குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் மற்றதும் ஒத்துக்கொள்ளாது என்று ஆகாது. காடோலினியத்துக்கு அலர்ஜி வருவது அயோடின் மருந்தைவிட இன்னும் அபூர்வம்.

நம்ம நோய்க்கு வேறு ரெண்டு ஸ்கேனும் உண்டு. எலும்பில் பரவியிருக்கிறதா என்று பார்க்கிற போன் ஸ்கேன் ஒன்று. ஊசி போட்டுவிட்டு ரெண்டு மூணு மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்கச் சொல்வார்கள். பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் இன்னொன்று. இவற்றில் போடுவது மிகமிகச் சொற்ப அளவில் கதிரியக்கப் பொருள். அதற்கு அலர்ஜி வருவது மிக மிக அரிது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பெட் ஸ்கேனோடு சி.டி.யும் சேர்ந்தே எடுப்பார்கள். சில இடங்களில் அந்த சி.டி.க்கு அயோடின் மருந்தும் ஏற்றுவதுண்டு. "இதுல கான்ட்ராஸ்ட் உண்டா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியது அங்கேதான்.

இனி மீன் விவகாரத்துக்கு வருகிறேன். இது நம்ம பக்கத்துப் பெரிய வியாதி.

என் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு எறால் ஆகாது. ரெண்டு தின்றால் போதும், உதடு வீங்கிவிடும். அவருக்கும் பி.எஸ்.ஏ. கூடித்தான் இருக்கிறது. "எறாலே ஆகாதவனுக்கு அயோடின் ஊசி எப்படி வே ஆகும்? ரெண்டும் கடல் சரக்குதானே" என்று அவர் வாதம். ஆஸ்பத்திரிப் படிவத்திலும் சில இடங்களில் மீன் அலர்ஜி உண்டா என்று ஒரு கட்டம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. அதனால் அவர் வாதத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த நம்பிக்கை கரப்பான் பண்டம், பத்தியம் என்று நம்ம பாட்டிமார் சொன்னதிலிருந்து வந்ததில்லை. அவர்களுக்கு இந்த ஊசியே தெரியாது. பெரிய கணக்கெடுப்பு ஒன்று 1975-இல் வெளியானது. ஊசி ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு இறால், நண்டு, சிப்பி வகையும் ஆகாது என்று அதில் இருந்தது. பால், முட்டை ஆகாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவில்தான் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் அதிலேயே இருந்தது. ஆனால் ஜனங்கள் மனதில் தங்கியது கடல் மட்டும். டாக்டர்கள் பலர் மனதிலும்தான்.

எறால் தின்றால் வீங்குவதற்குக் காரணம் அயோடின் இல்லை, ட்ரோப்போமயோசின் என்று ஒரு புரதம். எறாலின் தசையில் இருப்பது. ஊசி மருந்தில் அந்தப் புரதம் ஒரு துளி கிடையாது. இன்னும் கேட்டால், அயோடினுக்கு அலர்ஜி என்று ஒன்று இருக்கவே முடியாது. கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி அயோடினை வைத்துத்தான் வேலையே செய்கிறது. முத்தையாபுரம், முள்ளக்காடு உப்பளத்தில் விளைகிற உப்பைப் பொட்டலம் போடும் முன்னால் அயோடின் கலக்கிறார்களே, எதற்கு? அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று 2006-இல் மத்திய அரசு மறுபடியும் தடை கொண்டுவந்ததே, எதற்கு? என் பக்கத்து வீட்டு அண்ணாச்சி மூணு வேளையும் அயோடின் தின்றுகொண்டுதான் அயோடின் ஆகாது என்கிறார். இதைச் சொன்னபோது அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "அது உப்பு, இது ஊசி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

புண்ணில் தடவுகிற பெட்டாடின் அரித்தது என்பவர்களுக்கும் இதே பதில்தான். அதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை.

அப்படியென்றால் ஊசி யாருக்குமே ஒத்துக்கொள்ளாமல் போகாதா? போகும். எனக்கே போனது. அதை மறைத்து எழுதினால் இந்த மடலுக்கு மரியாதை இல்லை. ஆனால் எவ்வளவு, யாருக்கு என்று பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பழங்கதை. இந்த அயோடின் மருந்தே மூத்திரப் பாதையைப் பார்க்கத்தான் பிறந்தது. 1923-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மேகநோய்க்காக சோடியம் அயோடைடு கொடுக்கப்பட்ட நோயாளிகளின் மூத்திரப்பை எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதைக் கண்டார்கள். 1929-இல் பெர்லினில் மோசஸ் ஸ்விக் என்கிற இளம் டாக்டர் யூரோசெலக்டான் என்ற மருந்தை நரம்பில் ஏற்றிக் கிட்னியையும் குழாயையும் படத்தில் காட்டினார். அதிலிருந்து ஏறக்குறைய ஐம்பது வருஷம் வந்த மருந்துகள் பெரும்பாலும் ரத்தத்தைவிடப் பல மடங்கு அடர்த்தியானவை. ஏறும்போது எரியும், வலிக்கும், வாந்தி வரும்.

ஸ்வீடனில் டார்ஸ்டன் ஆல்மென் என்று ஒரு டாக்டர். அவர் அந்த எரிச்சலைப் பற்றி யோசித்த விதம் நமக்கு நன்றாகப் புரியும். அவர்கள் நாட்டின் மேற்குக் கரையில் கடல் நல்ல உப்பு, கண்ணைத் திறந்துகொண்டு முங்கினால் எரியும். பால்டிக் பக்கத்துக் கடலில் உப்பு குறைவு, அவ்வளவு எரியாது. நாமும் சின்னப் பையன்களாகத் தாமிரபரணியில் கண்ணைத் திறந்துகொண்டே முங்கிக் காசு பொறுக்கியிருக்கிறோம். அதே கண்ணைத் திருச்செந்தூர்க் கடலில் திறந்தால் தெரியும் சேதி. ரத்தக் குழாய்க்கும் இதே கதைதானே, உப்பைக் குறைத்தால் எரிச்சல் குறையாதா என்று ஆல்மென் 1960-களில் யோசித்தார். அயனாகப் பிரியாத, அடர்த்தி குறைந்த மருந்து வகை அந்த யோசனையிலிருந்து பிறந்தது. இன்றைக்கு ஸ்கேன் சென்டர்களில் ஏற்றுகிற அயோடின் மருந்து பெரும்பாலும் அந்த வகைதான்.

அலர்ஜியும் அதோடு இறங்கியது. ஜப்பானில் கட்டயாமா குழுவினர் 3,37,647 பேரின் கணக்கைச் சேர்த்து 1990-இல் வெளியிட்டார்கள். பழைய வகை மருந்தில் ஏதாவதொரு தொந்தரவு வந்தவர்கள் நூற்றுக்கு 12.66 பேர். புது வகையில் 3.13 பேர். கடுமையான தொந்தரவு பழையதில் பத்தாயிரத்துக்கு 22 பேருக்கு, புதியதில் 4 பேருக்கு. நான் இதைச் சொல்லும்போது மகள் குறுக்கே கேட்டாள், "அந்த நாலு பேர்ல ஒருத்தரா நீங்க இருந்தா?" நியாயமான கேள்வி. அந்த நாலு பேரில் ஒருவராக வாய்ப்புக் கூடுதலாக உள்ளவர் யார் என்பதுதான் விஷயம். முதலில், இதே வகை மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாதவர். இதற்கு இணையான காரணம் வேறு இல்லை. அதற்குப் பிறகுதான் ஆஸ்துமாக்காரர்களும், பல பொருளுக்கு அலர்ஜி உள்ளவர்களும். எறால் அந்தப் பெரிய கூட்டத்தில் ஒரு மூலையில் நிற்கிற ஆள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் குப்பென்று சூடாகும். நாக்கில் துருப்பிடித்த இரும்பை நக்கினது போல ஒரு ருசி வரும். அடிவயிற்றில் சூடு பரவி, சாரத்திலேயே மூத்திரம் போய்விட்டதோ என்று தோன்றும். நம்மைப் போல ஏற்கெனவே மூத்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அந்தக் கணத்தில் மானமே போய்விட்டது போல இருக்கும். போயிருக்காது. அது அலர்ஜியும் இல்லை, மருந்தின் இயல்பான வேலை, ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். இதை அலர்ஜி என்று சீட்டில் எழுதவைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க எல்லா ஊசிக்கும் பயந்து திரிகிறவர்களை எனக்குத் தெரியும். தடிப்பு, அரிப்பு, வீக்கம், தும்மல், தொண்டை இறுகுவது, மூச்சு இழுப்பது, தலை சுற்றிக் கண் இருட்டுவது ஆகியவைதான் சொல்ல வேண்டியவை. மிஷினுக்குள் படுத்திருக்கும்போதே சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், அமுக்கினால் ஆள் வருவார். மரியாதை பார்த்துக்கொண்டு அமுக்காமல் கிடக்க வேண்டாம்.

கடுமையானவை பெரும்பாலும் முதல் இருபது நிமிஷத்துக்குள் காட்டிவிடும். ஆகவே, முடிந்தவுடன் கையில் குத்தியிருக்கிற வென்ஃப்ளான் குழாயைப் பிடுங்கச் சொல்லி, மூணரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். அரை மணி நேரம் உட்காருங்கள். கடுமையாக வந்தால் முதல் மருந்து அட்ரினலின், தொடையில் போடுகிற ஊசி. ஸ்கேன் எடுக்கிற இடத்தில் அதுவும் ஆக்சிஜனும் போடத் தெரிந்த ஆளும் இருக்க வேண்டும். முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனவர் தெருமுனை சென்டரை விட்டுவிட்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் போலப் பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளேயே எடுத்துக்கொள்வது நல்லது.

டெஸ்ட் டோஸ் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊரில் எந்த ஊசிக்கும் முன்னால் கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுப் போடுவதில் நமக்கு ஒரு நிம்மதி. கான்ட்ராஸ்டுக்கு இந்த நிம்மதி பொய். ஒரு சொட்டுக்கு ஒன்றும் ஆகாதவர்களுக்கு முழு ஊசியில் ஆகியிருக்கிறது. ஒரு சொட்டுக்கே கடுமையாக ஆனவர்களும் உண்டு. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் கையேடு இந்த முன்சோதனையால் பயனில்லை என்றே சொல்கிறது. ஒருமுறை கடுமையாக ஆனவரை அலர்ஜி டாக்டர் பல பிராண்டு மருந்துகளைத் தோலில் வைத்துப் பார்த்து, எது பரவாயில்லை என்று தேர்ந்து கொடுப்பது வேறு. அது உதவும். ரெண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முன்பு ஒத்துக்கொள்ளாதவருக்கு, அயோடின் மருந்து தந்தே ஆக வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? பல காலமாக உள்ள வழி ஸ்டீராய்டு மாத்திரை. ஒரு முறையில் 13 மணி, 7 மணி, 1 மணி நேரத்துக்கு முன் என்று மூணு வேளை. காலை எட்டு மணிக்கு ஸ்கேன் என்றால் முதல் மாத்திரை முந்தின ராத்திரி ஏழு மணிக்கு, அடுத்தது நடுராத்திரி ஒரு மணிக்கு. நாம் எப்படியும் அந்த நேரத்தில் எழுந்திருப்போம், அது ஒரு வசதி. சர்க்கரைக்காரர்களுக்கு இந்த மாத்திரை சர்க்கரையைத் தூக்கிவிடும், சொல்லிவிட வேண்டும். ஆனால் இப்போது வல்லுநர்கள் மாத்திரையைவிட முக்கியமாகச் சொல்வது, முன்பு ஏற்றிய மருந்தை விட்டு அதே வகையில் வேறொரு மருந்துக்கு மாறுவது. இதைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சில் அடித்தது. மாறுவதற்கு, முன்பு ஏற்றியது எது என்று தெரிய வேண்டுமே. அது இரும்புப் பெட்டியில் மாவாகிப் போனதே.

கிட்னி விஷயம் அலர்ஜி இல்லை, ஆனாலும் நமக்குப் பொருந்தும். வீங்கின புராஸ்டேட் மூத்திரத்தை அடைத்து அடைத்துக் கிட்னியைக் கெடுத்து வைத்திருக்கலாம். ஸ்கேனுக்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பது அதற்காகத்தான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். எல்லாரும் நிறுத்த வேண்டியதில்லை, யார் நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்வார்.

சரி, என் எம்.ஆர்.ஐ. என்ன ஆனது? ஊசியே போடவில்லை.

புராஸ்டேட் எம்.ஆர்.ஐ. வழக்கமாக மூன்று வகைப் படங்களைச் சேர்த்துப் பார்ப்பது. முதல் ரெண்டுக்கு மருந்து வேண்டாம். மூன்றாவதில் காடோலினியம் ஏற்றி, எந்த இடம் சீக்கிரம் மருந்தை இழுத்துச் சீக்கிரம் விடுகிறது என்று பார்ப்பார்கள்; புற்றுத் திட்டில் ரத்த ஓட்டம் கூடுதல். இந்த மூன்றாவது உண்மையிலேயே தேவையா என்று லண்டனில் ஒரு டாக்டருக்குச் சந்தேகம். அவர் பெயர் வீரு காசிவிசுவநாதன். நான் பெயரைக் கேட்டவுடன் தென்காசிக் கோவிலை நினைத்துக்கொண்டேன், உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். எம்.ஆர்.ஐ. பார்த்துக் குறிவைத்துத் துணுக்கு எடுப்பது, கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்துவதைவிட மேல் என்று 2018-இல் 500 பேரை வைத்துக் காட்டியதும் அவர் தலைமையிலான ஆய்வுதான். அடுத்து 12 நாடுகளில் 22 ஆஸ்பத்திரிகளில் பிரைம் என்று ஓர் ஆய்வு. ஒரே ஆளின் படத்தை முதலில் மருந்து இல்லாமல் பார்த்து எழுதிவைத்துவிட்டு, பிறகு மருந்து ஏற்றின படத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். 490 பேரில், மருத்துவம் செய்ய வேண்டிய அளவிலான புற்றுநோய் மருந்தோடு பார்த்தபோது 145 பேருக்கு, மருந்து இல்லாமலே 143 பேருக்கு. 2025-இல் வெளியானது. படம் தெளிவாக இருக்க வேண்டும், பார்க்கிறவர் தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மங்கலாக வந்தால் மருந்தோடு மறுபடி எடுக்க வேண்டிவரலாம்.

ஆக, நான் நாலு மாதம் பயந்தது ஒரு மருந்துக்கு. போடச் சொன்னது இன்னொரு மருந்து. கடைசியில் போட்டது எதுவுமில்லை. இருபது நிமிஷத்துக்குள் மிஷினை விட்டு வெளியே வந்தேன். சத்தம்தான், நம்ம பழைய நெல் மில்லுக்குள் படுத்திருந்தது மாதிரி.

படத்தில் திட்டு தெரிந்தது. துணுக்கு எடுத்ததில் புற்றுநோய்தான் என்று வந்தது. பரவியிருக்கிறதா என்று பார்க்க சி.டி.யும் போன் ஸ்கேனும் எடுப்பது வழக்கம். என்னுடைய பழைய கதையை வைத்து டாக்டர் பி.எஸ்.எம்.ஏ. பெட் எடுக்கச் சொன்னார், கூட எடுக்கிற சி.டி.க்கு மருந்து வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எழுதி. ஆஸ்திரேலியாவில் 302 பேரிடம் ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பரவலைச் சரியாகக் கண்டதில் பெட் ஸ்கேன் நூற்றுக்கு 92, சி.டி.யும் போன் ஸ்கேனும் சேர்ந்து 65. அதனால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, செலவும் அலைச்சலும் தவிர. ஹார்மோன் ஊசியும் கதிர்வீச்சும் நடக்கிறது. இந்த நோய் பொதுவாக மெதுவாக நகர்கிறது, விசாரித்து முடிவெடுக்க ரெண்டு மூணு வாரம் பொறுக்கும் என்று டாக்டரே சொன்னார். நாலு மாதத்தைப் பற்றிக் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, அடுத்த சீட்டை எழுதத் தொடங்கிவிட்டார்.

பிள்ளைகளே, உங்களிடமும் ஒன்று. ஸ்கேன் எடுக்கும் முன் ஒரு படிவம் நீட்டுவார்கள். ஆஸ்துமா உண்டா, முன்பு ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதா, கிட்னி, சர்க்கரை, தைராய்டு, பிரஷர் மாத்திரை என்று வரிசையாகக் கேள்வி. நான் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். முக்கால்வாசிப் பிள்ளைகள் அப்பாவைக் கேட்காமலேயே "இல்ல, இல்ல, இல்ல" என்று கோடு போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். டோக்கன் போய்விடும் என்கிற அவசரம். அப்பாமாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மறைக்கிறவர்கள் பாதி, என்னைப் போலப் பெரிதாக்கிச் சொல்கிறவர்கள் பாதி.

நான் இப்போது ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். காப்பீட்டு அட்டைக்குப் பின்னால், ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில். எந்த வருஷம், சி.டி.க்கு அயோடின் மருந்து, பெயர் தெரியாது, ஐந்தாறு நிமிஷத்தில் தடிப்பும் இமை வீக்கமும், மூச்சுத் தொந்தரவு இல்லை, ஊசியில் சரியானது, அன்றே வீடு திரும்பினேன். தினமும் போடுகிற மாத்திரைகளின் பெயர். கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின். அவ்வளவுதான், கால் பக்கம். மகள் அதைப் போட்டோ எடுத்துத் தன் போனிலும் வைத்துக்கொண்டாள், அடுத்த வெள்ளத்துக்கு. இனி எந்த ஸ்கேனில் எந்த மருந்து ஏறினாலும், ஒத்துக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும், பாட்டிலில் உள்ள பெயரைக் கேட்டு அதில் எழுதச் சொல்லியிருக்கிறாள். உங்களில் யாருக்காவது மாதிரி வேண்டுமென்றால் காலையில் அணைக்கட்டுப் பக்கம் வாருங்கள், காட்டுகிறேன். எழுதியும் தருகிறேன், என் கையெழுத்து இன்னும் மோசமாகவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒருவழியாக இறங்கி வந்துவிட்டார். வருகிற வியாழக்கிழமை அவருக்கு ஸ்கேன். துணைக்கு நானும் போகிறேன். எறால் சமாச்சாரத்தைச் சொல்லாமல் மிஷினில் ஏற மாட்டேன் என்று நிற்கிறார். சொல்லட்டும், அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் மார்கழி பிறந்தால் மூச்சு முட்டி, சட்டைப்பையிலிருந்து ஒரு பம்பை எடுத்து இழுக்கிறாரே, அதைச் சொல்ல மறந்துவிடுவார். அதை ஞாபகப்படுத்தத்தான் நான் போகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
ஸ்ரீவைகுண்டம்